மலை ஏறிய சுண்ணாம்பு

வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் கூரை உத்தரத்தில் பெரிய இரும்புக் கொக்கிகள் இருக்கும். அவை எதற்கு என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தொட்டில் கட்டவா என்று கேட்பார்கள். மின்விசிறி வருவதற்கு முன்பு துணிப் பங்காவைத் தொங்கவிட்ட கொக்கிகள் அவை. வெளியே ஒருவன் உட்கார்ந்து கயிற்றை இழுப்பான். உள்ளே துரைக்குக் காற்று வரும். பங்கா போய்விட்டது, கொக்கி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் கதை தலைகீழ். மலைக்கு அப்பால் பெரியாறு அணை நிற்கிறது. அதைக் கட்டுவதற்காகப் பூட்டிய சாதனங்களோ போய்விட்டன. அவை எதற்கு இருந்தன என்பதும் மறந்துவிட்டது. அவற்றை அமைக்கச் செய்தவர் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

பென்னிகுயிக் பிரிட்டிஷ்காரர்தான். ஆனால் பிறந்தது நம் நாட்டில்! 1841 ஜனவரி 15-ந் தேதி புனேயில் பிறந்தார். தந்தை ராணுவத் தளபதி. 1849-ல் சிலியன்வாலா போரில் தந்தையும் அண்ணனும் மாண்டார்கள். அப்போது சிறுவனுக்கு எட்டு வயது நிரம்பவில்லை. இங்கிலாந்தில் படித்து, 1860-ல் என்ஜினீயராகச் சென்னை ராஜதானிக்கு வந்தார்.

மேகமலையில் நின்று பார்த்தால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு தெரியும். மேற்கே உள்ள மலைகளில் மழை கொட்டும். அந்த நீரைப் பெரியாறு அள்ளிக்கொண்டு போய் அரபிக் கடலில் சேர்க்கும். இந்தப் பக்கம் வைகை வறண்டு கிடக்கும். ஆற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று 1789-லேயே ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை யோசித்தார். செலவு அதிகம் என்று விட்டுவிட்டார். 1808-ல் ஆராய்ந்த கால்டுவெல் என்ற ராணுவ அதிகாரி, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1850-ல் தொடங்கிய வேலையைக் காய்ச்சல் விரட்டியது. 1876 முதல் 1878 வரை வந்த பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகுதான் சர்க்கார் முழுமூச்சாக இறங்கியது. 1882-ல் திட்டம் தீட்டும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது.

ஆற்றின் குறுக்கே 1,200 அடி நீளச் சுவர். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம். 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. 1887-ல் வேலை ஆரம்பம்.

சுவருக்குக் கல் மட்டும் போதாது; சாந்து வேண்டும். சுண்ணாம்போடு சுர்க்கி, அதாவது சுட்ட செங்கல் தூள், சேர்த்தார்கள். வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டால்தான் இறுகும். சுர்க்கி சேர்ந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும். நம் கொத்தனார்களுக்கு இது பழைய பாடம்.

ஆனால் சுண்ணாம்புக் கல் கிடைத்த இடம் மலை அடிவாரத்துக் குருவனூத்து. அணையோ மலைக்கு அப்பால், காட்டுக்குள்! அதற்காகத்தான் குருவனூத்திலிருந்து மேலே கம்பிப் பாதை போட்டார் பென்னிகுயிக். தடித்த இரும்பு வடத்தில் சுமைகள் தொங்கியபடி மலை ஏறின. மேலே தேக்கடியில் இறக்கிப் படகில் ஏற்றினார்கள்.

காட்டாற்றில் பாரப் படகு எப்படிப் போகும்? ஆற்றை இடையில் தடுத்து, இரட்டைக் கதவுகள் வைத்தார்கள். படகு உள்ளே வந்ததும் இரண்டு கதவுகளையும் மூடுவார்கள். தண்ணீரை மெல்ல வடியவிட்டால் படகும் கூடவே இறங்கும். பிறகு கீழ்க்கதவைத் திறந்து, படகைக் கீழே உள்ள நீரில் விடுவார்கள். அணை நிரம்பியதும் இந்த நீர்வழி ஏரிக்குள் மூழ்கியது. இப்போது தேக்கடியில் உல்லாசப் படகில் போகிறவர்கள், சுண்ணாம்பு போன வழியின் மேல்தான் போகிறார்கள்.

வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளைப் பலமுறை அடித்துச் சென்றது. கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தச்சர்கள் மரவேலை செய்தார்கள். ராணுவப் பட்டாள ஆட்களும் உழைத்தார்கள். மலேரியா நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்தது. காட்டு விஷக்காற்றுதான் காரணம் என்று அக்காலத்தில் நம்பினார்கள். கொசுதான் காரணம் என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். அணை முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது! செத்தவர்களுக்கு எதனால் சாகிறோம் என்பது தெரியாமலே போயிற்று.

1895 அக்டோபர் 10-ந் தேதி கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மேற்கே ஓடிய நீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கியது. வைரவனாறு, சுருளியாறு, பிறகு வைகை என்று மதுரை வரைக்கும் போயிற்று. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைந்தது.

பென்னிகுயிக் 1896-ல் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ஜினீயரிங் கல்லூரிக்குத் தலைவரானார். 1911 மார்ச் 9-ந் தேதி கேம்பர்லியில் காலமானார். வயது 70.

1979-க்குப் பிறகு அணையைக் கான்கிரீட் போட்டுப் பலப்படுத்தினார்கள். உள்ளே இருப்பது அதே சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். 2013-ல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த தேதி பொங்கலை ஒட்டி வருகிறது. பாலார்பட்டிக்காரர்கள் அன்று அவர் பெயரில் பானை வைத்துப் பொங்குகிறார்கள். வேலையில் மாண்டவர்கள் சிலரின் கல்லறைகள் அணைக்கு வடக்கே, காட்டுக்குள் இருக்கின்றன.