தூண்டிற்கோல் பிடித்த சான்றோர்

பொறுமை என்னும் அருங்குணத்தைத் தூண்டிற்கோல் கொண்டு உலகிற்குக் கற்பித்த பெரியார் ஐசக் வால்டன்.

இங்கிலாந்து நாட்டின் ஸ்டாஃபர்டு நகரில் 1593ஆம் ஆண்டில் எளிய குடியில் தோன்றிய இவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். பிழைப்பு நாடி லண்டன் மாநகரை அடைந்து, ஃப்ளீட் தெருவில் துணி வாணிகம் நடத்தினார். கல்லூரிப் படியேறியவர் அல்லர். எனினும் கவிஞர் ஜான் டன் போன்ற சான்றோரின் நட்பைப் பெற்றார். 1640இல் அக்கவிஞரின் வரலாற்றையும் எழுதி வெளியிட்டார்.

இல்வாழ்வில் இவர் உற்ற துயரம் சொல்லுந்தரமன்று. முதல் மனைவியார் ரேச்சல் ஈன்ற மக்கள் எழுவரும் இளமையிலேயே மாண்டனர்; 1640இல் அவ்வம்மையாரும் மறைந்தார். அடுத்து உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் மன்னர் முதலாம் சார்லஸ் கொலைக்களம் ஏறினார். மன்னரை ஆதரித்த வால்டனுக்கு அவை இருண்ட நாட்கள்.

அந்நிலையில் வேறொருவர் வசைநூல் எழுதியிருப்பார். வால்டனோ, 1653இல், அறுபது வயதை எட்டிய ஆண்டில், ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ என்னும் தூண்டில் நூலை வெளியிட்டார். தூண்டிற்காரர் ஒருவர் வேட்டைக்காரர் ஒருவரை மாணவராக ஏற்று, ஆற்றங்கரை வழியே நடந்தவாறு கற்பிக்கும் உரையாடல் அது. மண்புழுவைப் பாசியில் இட்டுச் சில நாள் வைத்திருந்தால் அது உறுதிப்படும். குதிரை மயிரைச் சீராக முறுக்கியே கயிறு திரிக்க வேண்டும். மீனின் கண்ணில் படாது கரையில் அமைதியாய் நிற்க வேண்டும். கெண்டையினத்துக் கார்ப் மீனை நாடுவோன் நாட்கணக்கில் கொக்கெனக் காத்திருக்கவும் துணிய வேண்டும். இவ்வாறு தொடக்கக்காரர்க்கு வேண்டியன பலவும் அதில் உள.

தாம் அறியாததை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாமை இவரது மற்றொரு சிறப்பு. செயற்கை ஈயைக் கொண்டு மீன் பிடிக்கும் கலையில் தம்மினும் வல்லவர், வயதில் மிக இளையவரான சார்லஸ் காட்டன் என்பதை உணர்ந்து, 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பகுதியை அவரையே எழுதச் செய்தார். டவ் ஆற்றங்கரையில் காட்டன் கட்டிய சிறு மீன்பிடி இல்லத்தில் இருவர் பெயரின் முதலெழுத்துக்களும் பின்னிப் பொறிக்கப்பட்டுள்ளன.

1683ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தொண்ணூறாம் வயதில், வின்செஸ்டரில் வால்டன் இயற்கை எய்தினார். தம் பண்ணை நிலத்தின் வருவாயைப் பிறந்த ஊரின் ஏழை எளியோர்க்குப் பயன்படுமாறு எழுதிவைத்தார்.

விடுமுறை நாளில் தூண்டிலுடன் குளக்கரை செல்லும் நம் காலனிச் சிறுவர், மாலையில் வெறுங்கையுடன் திரும்பினாலும் பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டா. மீன் அகப்படாத நாளிலும் பொறுமை அகப்பட்டிருக்கும் அன்றோ?