மைக் மூஸ்

மைக்கேல் ஜான் மூஸ் (அக்டோபர் 16, 1958 – நவம்பர் 20, 2000) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். கணினி வலையமைப்புகளில் பழுதறிய உலகெங்கும் பயன்படுத்தப்படும் பிங் என்னும் நிரலை 1983 ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதியவர் இவரே. மைக் மூஸ் என்ற பெயரில் பரவலாக அறியப்பட்ட இவர், அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். பி.ஆர்.எல்.-கேட் என்னும் திண்ம வடிவமைப்பு மென்பொருளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். வலையமைப்பின் வேகத்தை அளக்கும் டி.டி.சி.பி. நிரலை உருவாக்கியதிலும் இவருக்குப் பங்கு உண்டு. தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை வடிவியல் மாதிரியாக்கத்தில் செலவிட்டபோதிலும், ஓர் இரவில் எழுதிய சிறு நிரலாலேயே இவர் இன்றும் நினைவுகூரப்படுகிறார்.

கல்வியும் பணியும்

மூஸ், மேரிலாந்து மாநிலத்தின் பால்ட்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பயின்று 1979 இல் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் சோனார், ராடார் ஆகிய அமைப்புகளைக் கணினியில் மாதிரியாக்கும் பணிகளில் ஈடுபட்டார். ஓர் அலையை அனுப்பி, அது பொருளொன்றில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு அப்பொருளின் தொலைவை அறிவதே இவ்வமைப்புகளின் அடிப்படை. பின்னாளில் இவர் எழுதிய நிரலின் பெயருக்கும் செயல்முறைக்கும் இக்கல்வியே வித்திட்டது.

பின்னர் இவர் மேரிலாந்தின் அபர்டீன் நகரை அடுத்த படைக்கலச் சோதனைக் களத்தில் அமைந்திருந்த எறிபொருள் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். உலகின் தொடக்ககால மின்னணுக் கணினிகளுள் ஒன்றான எனியாக், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வாய்வுக்கூடத்தின் தேவைக்காகவே உருவாக்கப்பட்டது. எறிபொருள் ஆய்வுக்கூடம் 1992 இல் தரைப்படை ஆய்வுக்கூடத்துடன் இணைக்கப்பட்டது. மூஸ் தம் இறுதிக்காலம் வரை அங்கு முதுநிலை அறிவியலாளராகப் பணியாற்றினார்.

பின்னணி

1983 ஆம் ஆண்டு இணைய வரலாற்றில் ஒரு திருப்புமுனை ஆகும். அவ்வாண்டு சனவரி 1 ஆம் நாள் ஆர்ப்பாநெட் வலையமைப்பு தன் பழைய நெறிமுறையைக் கைவிட்டு டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைத் தொகுதிக்கு மாறியது. புதிய முறையில் ஒவ்வொரு செய்தியும் சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டுப் பல வழிச்செயலிகளைக் கடந்து சென்றது. இடையில் ஒரு பொதி தொலைந்தால், அது எங்கே, ஏன் தொலைந்தது என்பதை அனுப்பிய கணினி தானாக அறிய இயலாது. கம்பி அறுந்ததா, வன்பொருள் பழுதுபட்டதா, எதிர்முனைக் கணினி நின்றுபோனதா, மென்பொருளில் பிழையா என்று பிரித்தறிய எளிய கருவிகள் தேவைப்பட்டன.

அதற்கான அடித்தளம் நெறிமுறையிலேயே இருந்தது. ஜான் போஸ்டல் 1981 செப்டம்பரில் வெளியிட்ட ஆர்.எப்.சி. 792 என்னும் ஆவணம், இணையக் கட்டுப்பாட்டுச் செய்தி நெறிமுறையை வரையறுத்தது. அதில் எதிரொலி வேண்டுகோள், எதிரொலி மறுமொழி என்னும் இரு செய்தி வகைகள் இடம்பெற்றிருந்தன. வேண்டுகோளைப் பெறும் கணினி, அதிலுள்ள தரவை மாற்றாமல் அப்படியே மறுமொழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

டேவிட் மில்ஸ் என்னும் ஆய்வாளர், ஃபஸ்பால் எனப்பட்ட தம் எல்.எஸ்.ஐ.-11 கணினிகளில் இவ்வெதிரொலிப் பொதிகளைப் பயன்படுத்தி வலையமைப்புப் பாதைகளின் தாமதத்தை அளந்து வந்தார். கணினிகளின் கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்.டி.பி. நெறிமுறையை உருவாக்கியவரும் இவரே. 1983 சூலையில் நோர்வேயில் நடைபெற்ற ஒரு டார்ப்பா கூட்டத்தில், இப்பணியைப் பற்றி மில்ஸ் போகிறபோக்கில் குறிப்பிட்டதை மூஸ் கேட்டார்.

பிங் உருவான வரலாறு

1983 டிசம்பரில் எறிபொருள் ஆய்வுக்கூடத்தின் வலையமைப்பு வழக்கத்துக்கு மாறாகச் செயற்பட்டது. காரணத்தைக் கண்டறிய முனைந்த மூசுக்கு மில்ஸ் கூறியது நினைவுக்கு வந்தது. பெர்க்லி யுனிக்சு இயங்குதளத்துக்காக எதிரொலிப் பொதிகளை அனுப்பிப் பெறும் நிரலை அவர் விரைந்து எழுதினார். நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டது, ஆனால் இயங்கவில்லை. இத்தகைய பொதிகளைப் பயனர் நிரலொன்று நேரடியாகக் கையாளுவதற்கான வசதி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனியில் இல்லாமையே அதற்குக் காரணம். இதனால் சினமுற்ற மூஸ், கருனியிலேயே அவ்வசதியை எழுதிச் சேர்த்தார். பொழுது விடிவதற்கு முன்பே நிரல் முழுமையாக இயங்கத் தொடங்கியது.

எனினும், எந்தப் பழுதைக் கண்டறிவதற்காக இந்நிரல் எழுதப்பட்டதோ, அப்பழுதுக்கு அது பயன்படவில்லை. மூஸ் தம் முதற்பொதியை அனுப்புவதற்கு முன்னரே உடன் பணியாற்றிய ஒருவர் பழுதுபட்ட வலையமைப்பு வன்பொருளைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். இதுவே தம் வாழ்வின் புகழ்பெற்ற பணியாக அமையும் என்று முன்பே தெரிந்திருந்தால், இன்னும் ஓரிரு நாட்கள் உழைத்துக் கூடுதல் வசதிகளைச் சேர்த்திருக்கக்கூடும் என்று மூஸ் பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதினார்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி குழுவினர் நிரலையும் கருனி மாற்றங்களையும் ஏற்றுத் தங்கள் யுனிக்சு பதிப்பில் சேர்த்துக்கொண்டனர். ஏறத்தாழ ஆயிரம் வரிகள் கொண்ட இந்நிரல் பொதுவுடைமையாக, யாரும் எவ்விதத் தடையுமின்றிப் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்பட்டது. இதனால் அது பிற யுனிக்சு வகைகளுக்கும் பின்னர் விண்டோசு, மாக் உள்ளிட்ட இயங்குதளங்களுக்கும் எளிதாகப் பரவியது.

பெயர்க்காரணம்

நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் கருவி எழுப்பும் ஒலியைக் கொண்டே மூஸ் தம் நிரலுக்குப் பெயரிட்டார். பிங் என்பது சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன சுருக்கம் என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. அவ்விரிவு பின்னர் புனையப்பட்டது. தாம் பெயரிட்டபோது சோனார் ஒப்புமையை மட்டுமே கருதியதாக மூஸ் தெளிவுபடுத்தியுள்ளார்.

செயற்படும் முறை

பிங், குறிப்பிட்ட முகவரிக்கு எதிரொலி வேண்டுகோள் பொதிகளை அனுப்புகிறது. யுனிக்சு வகை இயங்குதளங்களில் வழக்கமாக ஒரு நொடிக்கு ஒரு பொதி அனுப்பப்படும். ஒவ்வொரு பொதியிலும் பின்வருவன இடம்பெறும்:

- அடையாள எண்: ஒரே கணினியில் பல பிங் நிரல்கள் இயங்கினாலும் ஒவ்வொன்றும் தனக்குரிய மறுமொழியைப் பிரித்தறிய உதவுகிறது.
- வரிசை எண்: எந்தப் பொதி தொலைந்தது, எது முறை மாறி வந்தது, எது இருமுறை வந்தது என்பதைக் காட்டுகிறது.
- அனுப்பிய நேரம்: பொதியின் தரவுப் பகுதியில் எழுதப்படுகிறது.

எதிர்முனை தரவை அப்படியே திருப்பி அனுப்புவதால், மறுமொழி வந்த நேரத்திலிருந்து பொதியில் எழுதப்பட்ட நேரத்தைக் கழித்தால் சென்று திரும்பும் காலம் கிடைக்கிறது. இரு நேரங்களும் ஒரே கடிகாரத்தில் பார்க்கப்பட்டவை. ஆகவே இரு கணினிகளின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டிய தேவை எழுவதில்லை. முடிவில் அனுப்பிய பொதிகள், பெற்ற பொதிகள், இழப்பு விழுக்காடு, குறைந்த, சராசரி, மிகுந்த காலங்கள் ஆகியவை தொகுத்துத் தரப்படுகின்றன.

இவ்வெண்களுக்கு இயற்பியல் எல்லைகள் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. வேகத்தில் செல்கிறது. எனவே 1,000 கி.மீ. நீளமுள்ள இழையில் சென்று திரும்பக் குறைந்தது 10 மில்லிநொடி ஆகும். நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 35,786 கி.மீ. உயரத்திலுள்ள செய்மதி வழியாகச் சென்றால் ஏறத்தாழ அரை நொடி ஆகும். அளந்த காலம் இவ்வெல்லையை விட மிகக் கூடுதலாக இருந்தால், பாதையில் நெரிசலோ சுற்றுவழியோ இருக்கலாம் என ஊகிக்கலாம்.

பழுதறிதலில் பயன்பாடு

வலையமைப்பு நிருவாகிகள் பிங்கை அருகிலிருந்து தொலைவு நோக்கிப் படிப்படியாகப் பயன்படுத்துவர். முதலில் 127.0.0.1 என்னும் உள்முகவரியைச் சோதித்தால் தம் கணினியின் நெறிமுறை மென்பொருள் இயங்குவது உறுதியாகும். அடுத்து உள்ளூர் வலையமைப்பின் வாயிலையும், பின்னர் வெளியிலுள்ள கணினியின் எண் முகவரியையும் சோதிப்பர். இறுதியாக அக்கணினியின் பெயரைக் கொண்டு சோதிப்பர். எண் முகவரிக்கு மறுமொழி வந்து, பெயருக்கு வராவிடில் பழுது பெயர் வழங்கியில் இருக்கலாம். மறுமொழி எந்தப் படியில் நிற்கிறதோ, அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம்.

விட்டு விட்டுத் தோன்றும் பழுதுகளைக் கண்டறிவதிலும் இது உதவியது. ஒரு நிருவாகி பிங்கின் வெளியீட்டைப் பேச்சொலி எழுப்பும் நிரலுடன் இணைத்து, ஒலிபெருக்கியில் உரக்க ஒலிக்கச் செய்தார். ஒவ்வொரு மறுமொழிக்கும் கணினி பிங் என்று கத்தியது. அவர் கட்டடம் முழுதும் நடந்து ஈதர்நெட் இணைப்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எந்த இணைப்பியை அசைத்தபோது ஒலி நின்றதோ, அதுவே பழுதுபட்டது எனத் தெரிந்தது. யூசெனிக்சு மாநாடொன்றில் கேட்ட இந்நிகழ்வை, பிங் பற்றிய கதைகளுள் தமக்கு மிகப் பிடித்தது என்று மூஸ் குறிப்பிட்டுள்ளார்.

குறைபாடுகளும் முறைகேடுகளும்

பிங்கின் மறுமொழியைக் கவனத்துடன் பொருள்கொள்ள வேண்டும். மறுமொழி வந்தால் எதிர்முனைக்குப் பாதை உண்டு என்பது மட்டுமே உறுதியாகும். அங்குள்ள வலைத்தளமோ அஞ்சல் சேவையோ இயங்குகிறது என்று பொருளாகாது. மறுமொழி வராததாலும் அக்கணினி நின்றுவிட்டது என்று முடிவுகட்ட இயலாது. இடையிலுள்ள தீயரண் பொதிகளைத் தடுத்திருக்கலாம்; திரும்பும் பாதை மட்டும் பழுதாகியிருக்கலாம்.

1989 இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 1122, இணையத்திலுள்ள ஒவ்வொரு கணினியும் எதிரொலி வேண்டுகோளுக்கு மறுமொழி தரவேண்டும் என விதித்தது. ஒருவரையொருவர் நம்பிய சிறு வலையமைப்பில் இது எளிதாக இருந்தது. 1990களின் பிற்பகுதியில் இப்பொதிகளே தாக்குதலுக்கும் பயன்படுத்தப்பட்டன. அளவுக்கு மீறிய பொதியை அனுப்பிக் கணினியை நிலைகுலையச் செய்யும் முறையும், ஒரு வலையமைப்பிலுள்ள அனைத்துக் கணினிகளின் மறுமொழிகளையும் ஒரே இலக்கின் மீது குவிக்கும் முறையும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இதன் விளைவாகப் பல நிறுவனங்கள் எதிரொலிப் பொதிகளைத் தடுக்கலாயின. பழுதறியும் வசதிக்கும் பாதுகாப்புக்கும் இடையே எழுந்த இம்முரண் இன்றும் தொடர்கிறது.

பிற பணிகள்

போர் ஊர்திகளைக் கணினியில் மாதிரியாக்கிப் பகுப்பாய்வு செய்யும் கருவிகளின் தேவையை எறிபொருள் ஆய்வுக்கூடம் 1979 இல் உணர்ந்தது. அன்றிருந்த மென்பொருள்கள் எவையும் போதுமானவையாக இல்லாமையால், மூஸ் தலைமையிலான குழு தானே அவற்றை எழுதத் தொடங்கியது. இவையே பி.ஆர்.எல்.-கேட் எனத் தொகுக்கப்பட்டு 1984 இல் முதன்முதலாக வெளியிடப்பட்டன. உருளை, கோளம் போன்ற அடிப்படைத் திண்மங்களைக் கூட்டியும் கழித்தும் சிக்கலான உருவங்களை அமைப்பது இதன் முறை. அவ்வுருவத்தினுள் கற்பனைக் கதிர்களைச் செலுத்தி, அவை எப்பகுதிகளை ஊடுருவுகின்றன என்று கணக்கிடலாம். இதன் மூலநிரல் பதிவேடு 1983 டிசம்பர் 16 ஆம் நாளிலிருந்து தொடங்குகிறது. பிங் எழுதப்பட்டதும் அதே மாதத்திலேயே ஆகும். இம்மென்பொருள் 2004 டிசம்பரில் திறந்த மூலமாக்கப்பட்டது.

டெர்ரி சிலாட்டரியுடன் இணைந்து மூஸ் உருவாக்கிய டி.டி.சி.பி., இரு கணினிகளுக்கிடையே ஒரு நொடியில் எவ்வளவு தரவு செல்கிறது என்பதை அளக்கும் நிரலாகும். பிங் தாமதத்தையும் டி.டி.சி.பி. கொள்திறனையும் அளந்தன. ஐபெர்ஃப் போன்ற பிற்காலக் கருவிகள் இவ்வழியைப் பின்பற்றி எழுந்தவை. தனி வழி குறிக்கப்படாத பொதிகளை ஒரே வாயிலுக்கு அனுப்பும் இயல்புநிலை வழி என்னும் கருத்தும், பைண்டு என்னும் பெயர் வழங்கி மென்பொருளுக்கான பங்களிப்பும் இவருடைய பணிகளுள் குறிப்பிடப்படுகின்றன.

கணினிகளுள் அத்துமீறி நுழைந்தோரைத் தேடிக் கண்டறிந்த பணியிலும் இவர் ஈடுபட்டார். இதன் காரணமாகக் கிளிஃபர்ட் ஸ்டால் எழுதிய குயிலின் முட்டை (1989), கேட்டி ஹாஃப்னர், ஜான் மார்க்காஃப் இருவரும் எழுதிய சைபர்பங்க் (1991) ஆகிய நூல்களில் இவர் பெயர் இடம்பெற்றுள்ளது.

சிறப்புகளும் மறைவும்

1993 இல் யூசெனிக்சு சங்கம் பெர்க்லியின் கணினி அமைப்புகள் ஆய்வுக் குழுவுக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியபோது, அக்குழுவின் பணிக்குப் பங்களித்தோருள் ஒருவராக மூசும் சிறப்பிக்கப்பட்டார்.

2000 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் நாள், 95 ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலையில் நிகழ்ந்த வாகன விபத்தில் மைக் மூஸ் தம் 42 ஆம் அகவையில் உயிரிழந்தார். அவர் நினைவாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் குடும்பத்தினரும் நண்பர்களும் ஓர் ஆய்வு விருதை நிறுவினர்.

தாக்கம்

மூஸ் கருனியில் சேர்த்த வசதியைக் கொண்டு, ஸ்டீவ் டீரிங் கூறிய யோசனையின்படி வான் ஜேக்கப்சன் 1987 இல் டிரேஸ்ரூட் என்னும் நிரலை எழுதினார். ஒரு பொதி எவ்வெவ் வழிச்செயலிகளைக் கடந்து செல்கிறது என்பதை அது வரிசையாகக் காட்டுகிறது. இவ்வுத்தி தமக்குத் தோன்றவில்லையே என்று தாம் பொறாமை கொண்டதாக மூஸ் வெளிப்படையாக எழுதியுள்ளார். ஒரே நேரத்தில் பல கணினிகளைச் சோதிக்கும் எப்பிங், தாமதத்தின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகக் காட்டும் ஸ்மோக்பிங் ஆகியவை பின்னர் தோன்றின. நேகியோசு போன்ற கண்காணிப்பு மென்பொருள்களும் ஒரு கணினி இயங்குகிறதா என்பதை அறிய எதிரொலிப் பொதிகளையே முதலில் அனுப்புகின்றன. ஒருவருக்குச் சிறு செய்தி அனுப்பி மறுமொழி எதிர்பார்ப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லாகவும் பிங் என்னும் சொல் ஆங்கிலப் பேச்சுவழக்கில் இடம்பெற்றுள்ளது.