நடுக்கத்தைக் கோடாக வரைந்த சார்க்கோ

கொழுந்து பறித்து முதிர்ந்த மூதாட்டியர் சிலரைப் பதுளை மலைப்புறத்து லயங்களிலே காணலாம். மடியில் ஓய்ந்திருக்கும் கை நடுங்கும். தேநீர்க் கோப்பையை எடுக்க நீட்டியதும் நடுக்கம் தணியும். வேறு சிலருக்கோ கை ஓய்வில் அமைதியாயிருந்து, கோப்பை வாயை நெருங்குகையில் நடுங்கும். காண்போர் இரண்டையும் முதுமை என்றே சொல்லி அமைவர். இத்தகைய நடுக்கங்களை நோய்வாரியாகப் பிரித்தறியக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் ழான் மார்த்தேன் சார்க்கோ என்னும் பிரெஞ்சு மருத்துவர்.

1825ஆம் ஆண்டு பாரிசில் வண்டி செய்வோர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1862இல் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். முன்னாளில் வெடியுப்புச் சாலையாயிருந்த அவ்விடம் அந்நாளில் வறியரும் முதியருமான பல்லாயிரம் பெண்களின் புகலிடமாயிருந்தது. பெயர் தேடும் மருத்துவர் விரும்பிச் செல்லும் இடமன்று. சார்க்கோவுக்கு அதுவே கருவூலமாயிற்று.

நாடித்துடிப்பை வரைவதற்கு மாரே என்னும் அறிஞர் 1860 அளவில் ஒரு கருவி அமைத்திருந்தார். துடிப்பு ஒரு நெம்புகோலை அசைக்க, அதன் முனை புகைபூசிய தாளிற் கோடிழுக்கும். சார்க்கோ அதனை நடுங்கும் கைக்குப் பயன்படுத்தினார். ஒரு வகை நடுக்கம் செக்கனுக்கு நான்கைந்து அலையாகவும், வேறொன்று எட்டொன்பதாகவும் பதிவாயிற்று. தலைநடுக்கம் மாணவர் கண்ணுக்குப் புலப்பட, நோயாளர் தலையில் நீண்ட இறகுகளை அணிவித்தார். 1883இல் அம்மருத்துவமனையின் படப்பிடிப்பாளர் லோந்து ஒன்பது வில்லைகள் கொண்ட படப்பெட்டி அமைத்து, நோயாளரின் அசைவைக் கணங்கணமாகப் பிடித்தார். ஓய்வில் நடுங்கும் நோயை 1817இலேயே விவரித்திருந்த ஆங்கில மருத்துவர் பார்க்கின்சனின் பெயரை அந்நோய்க்குச் சூட்டியவரும் சார்க்கோவே.

நெடிய புகையிரதப் பயணத்தின்பின் அந்நோயாளர் சுகம் கண்டதாகக் கூறக்கேட்டு, அதிரும் நாற்காலி ஒன்றும் செய்வித்தார். பதுளையிலிருந்து கொழும்புவரை குலுங்கிச் சென்று நோவோடு இறங்கும் நமக்கு இது விந்தையாகும். 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், அதிராத நாற்காலியில் அமர்ந்தோரும் அதே அளவு நலம் பெற்றனர்.

இசிவு நோயில்தான் அவர் சறுக்கினார். அப்பெண்களை அறிதுயிலில் ஆழ்த்தி, கையசைவையும் மூச்சையும் கருவியாற் பதிந்து, இதில் நடிப்பில்லை என்று நிறுவ முயன்றார். மருத்துவர் எதிர்பார்ப்பதை உணர்ந்து பெண்கள் அதன்படி ஒழுகக்கூடும் என்பதைக் காட்ட அக்கருவிகளுக்கு இயலவில்லை. அவர் மறைவுக்குப்பின் அக்கொள்கை சரிந்தது.

அவரிடம் பயின்ற பிராய்டு எழுதிவைத்த செய்தியொன்று என் நெஞ்சை விட்டகலாதது. கை தடுமாறியதால் எவரும் வேலைக்குக் கொள்ளாத பணிப்பெண் ஒருத்தியைச் சார்க்கோ தம் வீட்டில் அமர்த்தினார். கோப்பைகளும் தட்டுகளும் உடைந்துகொண்டேயிருந்தன. அவர் அவளை விலக்கவில்லை. அவள் இறந்தபின் உடலை ஆய்ந்து நோயின் இருப்பிடத்தைக் கண்டார். இது இரக்கமா, ஆராய்ச்சி வேட்கையா? இரண்டும் என்றே யான் கருதுவேன். சோறிட்டவர் அவர் ஒருவரே என்பதையும் மறத்தலாகாது.

நோயின் வேரைக் காண அவர் நோயாளியின் இறப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1893இல் அவர் காலமாகி ஈராண்டில் எக்ஸ் கதிர் வந்தது. 1971இல் உயிருள்ளோர் மூளையையே அடுக்கடுக்காகப் படமெடுத்தனர். பார்க்கின்சன் நோயில் நலியும் நரம்பு முனைகளை இன்று நோயாளி படுத்திருக்கையிலேயே படத்திற் காண்கின்றனர். மணிக்கட்டிற் கட்டிய சிறு உணரி, புகைத்தாளில் அவர் எண்ணிய அதே நான்கைந்து அலைகளை இரவும் பகலும் எண்ணுகின்றது.