பிள்ளை உறங்காவில்லி தாஸர் வைபவம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பிறர் தாமே தேர்ந்துகொண்ட வாழ்வில் நாம் தலையிடலாமா என்னும் வினா, முதுமையை எட்டியவர்களுக்கு அடிக்கடி எழுகிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொலைதேசங்களில் தம் விருப்பப்படி வாழ்கின்றனர். எடுத்துச் சொன்னால் உறவு கசக்கிறது. சொல்லாவிடில் கடமை தவறியதாக நெஞ்சு உறுத்துகிறது. பிள்ளை உறங்காவில்லி தாஸருடைய சரிதத்தில் இதற்கு வழி உண்டு என்று அடியோங்கள் கருதுகிறோம்.

மாசி ஆயில்யத்தில் அவதரித்த தாஸர், திருப்பாணாழ்வார் அவதரித்த உறையூரிலே வாழ்ந்தவர், மல்வித்தை வல்லவர், அரசசேவகத்தில் இருந்த வீரர். தம் மனைவி பொன்னாச்சியாரிடம் அளவற்ற காதல் கொண்டவர். ஸ்ரீரங்கத்தில் உத்ஸவம் ஒன்றின்போது, வெயில் படாதவாறு அவருக்குக் குடை பிடித்து, அவர் முகத்தையே நோக்கியபடி தாஸர் வீதியில் நடந்தார். கண்டவர்கள் நகைத்தனர். எம்பெருமானார் நகைக்கவில்லை, கண்டும் காணாதவராய்க் கடந்து போகவும் இல்லை. தாஸரை அழைத்துவரச் செய்து, ஊரார் நகைப்பையும் பொருட்படுத்தாமல் இவ்வாறு நடப்பதன் காரணத்தைக் கேட்டருளினார்.

மனைவியின் கண்ணழகுக்குத் தாம் அடிமைப்பட்டிருப்பதாகத் தாஸர் ஒளிக்காமல் விண்ணப்பித்தார். அதனினும் அழகிய கண்களைக் காட்டினால் என்ன செய்வீர் என்று உடையவர் வினவ, அவற்றுக்கே அடிமையாவதாக அவர் இசைந்தார். உடையவர் அவரைப் பெரிய பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்று, ஆழ்வாரைப் பித்தேற்றிய அத்திருக்கண்களை ஸேவிக்கச் செய்தருளினார். அன்றே தாஸர் ஆட்பட்டார். பொன்னாச்சியாரும் உடையவர் திருவடிகளை ஆச்ரயித்தார். இருவரும் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினர்.

உடையவர் அந்தக் காதலைப் பழிக்கவில்லை, மனைவியைப் பிரியும்படி கட்டளையிடவும் இல்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. முதலில் கேட்டார், பிறகு காட்டினார், முடிவைத் தாஸரிடமே விட்டார். தாஸரின் இயல்பும் மாறவில்லை. அன்று குடை பிடித்த கை, பின்னாளில் நம்பெருமாள் புறப்பாட்டில் அவருக்கு ஏதும் நேராதவாறு உருவிய வாளுடன் காவல் நின்றது.

தலையிட்டவர் பொறுப்பையும் ஏற்றார். விபீஷண சரணாகதியை உடையவர் உபந்யஸித்தபோது, அனைத்தையும் துறந்து வந்த அவருக்கே தடை எழுந்ததே, வீட்டையும் மனைவியையும் விடாத தமக்கு என்ன கதி என்று தாஸர் எழுந்து நின்று கலங்கினார். தமக்குப் பேறு உண்டெனில் தாஸருக்கும் உண்டு என்று உடையவர் தேற்றியருளினார்.

காவிரியில் நீராடித் திரும்புகையில் உடையவர் தாஸரின் கையைப் பற்றி எழுந்தருள்வார். தாஸரின் பிறப்பைக் கருதிச் சில சிஷ்யர்கள் முணுமுணுத்தனர். அவர்களையும் உடையவர் கடிந்துகொள்ளவில்லை. ஓர் இரவு, உலர்த்தியிருந்த அவர்களுடைய வஸ்த்ரங்களைச் சிறிது கிழித்துவைக்கச் செய்தார். காலையில் அவர்கள் ஒருவரையொருவர் ஏசிப் பூசலிட்டனர். பிறகு ஓர் இரவு தாஸரை மடத்தில் இருத்திக்கொண்டு, பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கவர்ந்துவர அதே சிஷ்யர்களை அனுப்பினார். உறங்குவதுபோல் கிடந்த அவ்வம்மையார், மறுபக்கத்து ஆபரணங்களையும் கொள்ளட்டும் என்று புரண்டு படுக்க, வந்தவர்கள் அஞ்சி ஓடினர். வீடு திரும்பிய தாஸரோ நகை போனதற்கு வருந்தவில்லை. தாம் கொடுக்கிறோம் என்ற எண்ணத்தோடு மனைவி அசைந்ததற்கே வருந்தினார். நடந்தவற்றை அறிந்த சிஷ்யர்கள் தலைகுனிந்தனர்.

அடியோங்கள் வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், குடும்பத்து இளைஞர் ஒருவர் எடுத்த முடிவைக் கடிந்து பேசினோம். அவர் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். அந்த முடிவில் அவர் எதை நேசித்தார் என்று நாம் கேட்கவேயில்லை. அதனினும் உயர்ந்தது ஒன்றைக் காட்டவும் நம்மிடம் அன்று ஏதும் இருக்கவில்லை. இருந்தது கோபம் மட்டுமே. தாஸருடைய வைபவத்தை மறுபடி அநுஸந்தித்தபோதுதான் இது புரிந்தது. அன்பாய்க் கேட்கவும், சிறந்ததைக் காட்டவும், பின் உடன் நிற்கவும் இயலுமாயின் தலையிடலாம். இயலாவிடில் பெரிய பெருமாளிடம் விண்ணப்பித்து வாளாவிருப்பதே நமக்குத் தகும். வரும் மாசி ஆயில்யத்தன்று, அவ்விளைஞரைத் தொலைபேசியில் அழைத்து, முதலில் கேட்பது என்று உறுதி பூண்டுள்ளோம்.

பிள்ளை உறங்காவில்லி தாஸர் திருவடிகளே சரணம்.