பெரியாறு அணை கண்ட பென்னிகுயிக்

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பெரியாற்று நீரைக் கொணர்ந்த பொறியாளர் ஜான் பென்னிகுயிக் 1841-இல் புனேயில் பிறந்தார். மேற்கே பாய்ந்து கடல் சேர்ந்த நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பும் பணியை 1887-இல் தொடங்கினார்.

நீரில் அமிழும் பொருளை, அது விலக்கிய நீரின் எடையளவு விசை மேல்நோக்கி உந்துகிறது. உட்குழிந்த இரும்புக் கப்பல் தன் எடைக்கு நிகரான நீரை விலக்குவதால் மிதக்கிறது. அணையோ அசையலாகாது. தேங்கிய நீரின் தள்ளுதலைத் தன் எடையாலேயே தாங்க வேண்டும். ஆதலின் கருங்கல், சுண்ணாம்பு, சுர்க்கி கொண்டு அடி அகன்ற அணையை எழுப்பினார். வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றது. காய்ச்சலும் காலராவும் கூலியாட்கள் பலரைப் பலிகொண்டன. 1895-இல் பணி நிறைவுற்றது. 1911-இல் அவர் மறைந்தார்.

அடியில் கசியும் நீரும் அணையை மேலே உந்தும் என்பதன் முழு அளவைப் பொறியியல் உலகம் பின்னரே உணர்ந்தது. 1979-க்குப் பின் உச்சியில் காங்கிரீட் எடை ஏற்றப்பெற்று அணை வலுவூட்டப்பட்டது.

லோயர் கேம்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. இளைஞர்களே! கல் சுமந்து மாண்டவர்களையும் அங்கே நினைமின். சுமந்தோர் வழிவந்த நாம், அக்கல்லின் எடையைக் கணக்கிடும் கல்வியையும் நமதாக்குவோம்.