ஓவைன் கிளின்டூர்

ஓவைன் கிளின்டூர் (அண். 1354 – அண். 1415) இங்கிலாந்தின் ஆட்சிக்கு எதிராக 1400 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் தோன்றிய எழுச்சியின் தலைவர் ஆவார். வேல்ஸ் இனத்தவருள் வேல்ஸ் இளவரசர் என்ற பட்டத்தைச் சூடிய கடைசித் தலைவராக இவர் கருதப்படுகிறார். வேல்ஸ் மக்களை அடக்கி வைப்பதற்காக இங்கிலாந்து மன்னர்கள் எழுப்பிய கோட்டைகளுள் சிலவற்றை இவர் கைப்பற்றி, அவற்றைத் தம் ஆட்சியின் இருப்பிடமாக மாற்றினார். அக்கோட்டைகள் கையில் இருந்த வரையில் இவருடைய அரசு நிலைத்தது. அவை வீழ்ந்தபோது அரசும் முடிவுக்கு வந்தது.

பின்னணி

வேல்ஸின் இளவரசராக இருந்த லெவலின் ஆப் கிரிஃபித் 1282 ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். அதன் பின் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸ் முழுவதையும் தம் ஆட்சியின் கீழ்க் கொணர்ந்தார். வெற்றி கொண்ட நிலத்தைக் காப்பதற்காகக் கான்வி, கேர்னார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் முதலிய இடங்களில் பெரும் கற்கோட்டைகளை எழுப்பினார். இப்பணிகளுள் பெரும்பாலானவற்றைச் சவோய் பகுதியிலிருந்து வந்த ஜேம்ஸ் என்னும் தலைமைக் கட்டடக் கலைஞர் மேற்பார்வையிட்டார். அபரிஸ்ட்வித் கோட்டையின் பணி இவற்றுக்கு முன்னரே, 1277 இல், தொடங்கியிருந்தது.

இக்கோட்டைகள் கடலோரத்திலோ, கடலிலிருந்து கப்பல் வரக்கூடிய ஆற்று முகத்திலோ அமைந்தவை. சுற்றியுள்ள நாடு முழுவதும் பகைவர் வசமானாலும் உணவும் ஆட்களும் கடல் வழியாக வந்து சேரும் என்பதே இதன் நோக்கமாகும். இதனால் மிகச் சிறிய காவற்படையே ஒரு கோட்டையைக் காக்கப் போதுமானதாயிருந்தது. கோட்டைகளை ஒட்டி அமைந்த மதில் சூழ்ந்த நகரங்களில் ஆங்கிலேயர் குடியமர்த்தப்பட்டனர்.

இளமை

ஓவைன் வடகிழக்கு வேல்ஸில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1354 என்றும் 1359 என்றும் இருவேறாகக் கூறப்படுகிறது. தந்தை வழியில் இவர் போவிஸ் அரசர்களின் மரபினர். தாய் வழியில் தென் வேல்ஸின் டெகைபார்த் அரசர்களின் மரபினர். டீ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் உயர்ந்த குன்றொன்றில் நிற்கும் டினாஸ் பிரான் கோட்டை இவருடைய முன்னோரால் 1260களில் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. அது 1277 இல் எரிக்கப்பட்டு, ஓவைன் பிறப்பதற்கு முன்பே இடிபாடாகிவிட்டது.

இவர் இலண்டனில் சட்டம் பயின்றதாகக் கருதப்படுகிறது. ஆங்கில நீதிபதி டேவிட் ஹான்மரின் மகள் மார்கரெட்டை மணந்தார். 1384 இல் ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள பெரிக் நகரின் காவற்படையிலும், 1385 இல் ஸ்காட்லாந்து மீதான படையெடுப்பிலும் இங்கிலாந்து மன்னருக்காகப் பணியாற்றினார். சிகார்த் என்னும் இடத்தில் மண்மேட்டின் மீது அகழி சூழ அமைந்திருந்த இவருடைய மாளிகையையும், அதன் மீன்குளத்தையும் புறாக்கூண்டையும் இயோலோ கோக் என்னும் புலவர் பாடியுள்ளார். நடுவயது வரையில் இவர் அரசுக்கு அடங்கிய, வசதி மிக்க நிலக்கிழாராகவே வாழ்ந்தார்.

எழுச்சியின் தொடக்கம்

1399 இல் இரண்டாம் ரிச்சர்ட் அரியணையிலிருந்து நீக்கப்பட்டு நான்காம் ஹென்றி மன்னரானார். ஓவைனுக்கும் அண்டை நிலக்கிழாரான ரிதின் பிரபு ரெஜினால்ட் கிரேக்கும் இடையே ஏற்பட்ட நிலத்தகராறு எழுச்சிக்கு உடனடிக் காரணமாகக் கூறப்படுகிறது. கடும் வரிகளும், நகரங்களிலும் பதவிகளிலும் வேல்ஸியர் ஒதுக்கப்பட்டதும் மக்களிடையே முன்னரே மனக்கசப்பை வளர்த்திருந்தன.

1400 செப்டம்பர் 16 அன்று கிளின்டவர்டுவியில் கூடிய ஆதரவாளர்கள் ஓவைனை வேல்ஸ் இளவரசராக அறிவித்தனர். இரு நாட்களில் ரிதின் நகரம் தாக்கப்பட்டது. தொடர்ந்து டென்பி, ரித்லன், பிளின்ட் முதலிய நகரங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. நகரங்கள் எரிந்தனவேயன்றி, கற்கோட்டைகள் அசையவில்லை. சில நாட்களுக்குள் வெல்ஷ்பூல் அருகே ஓவைனின் படை தோற்கடிக்கப்பட்டது.

1401 ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று, காவற்படையினர் தேவாலயத்தில் இருந்த வேளையில், ஓவைனின் உறவினர்களான ரீஸ், குவிலிம் என்னும் சகோதரர்கள் சிறு குழுவுடன் கான்வி கோட்டையைச் சூழ்ச்சியால் கைப்பற்றினர். சுமார் மூன்று மாதங்களுக்குப் பின் அதனைத் திரும்ப ஒப்படைத்தனர். சகோதரர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் அவர்களுடைய தோழர்களுள் ஒன்பது பேர் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

1402 இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் வேல்ஸியருக்கு எதிரான சட்டங்களை இயற்றியது. வேல்ஸியர் ஆயுதம் தாங்குவதும், கோட்டைகளை வைத்திருப்பதும், முக்கியப் பதவிகளை வகிப்பதும் இவற்றால் தடை செய்யப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 22 அன்று பிரின் கிளாஸ் போரில் ஓவைன் பெரும் வெற்றி பெற்றார். அங்குச் சிறைப்பட்ட எட்மண்ட் மார்ட்டிமர் பின்னர் அவர் பக்கம் சேர்ந்து, அவருடைய மகள் காட்ரினை மணந்தார்.

கோட்டைகளும் அரசும்

1403 இல் மன்னரின் மகன் இளவரசர் ஹென்றி சிகார்த்தையும் கிளின்டவர்டுவியையும் எரித்தார். சொந்த மாளிகைகளை இழந்த ஓவைன், மறு ஆண்டில் ஹார்லெக், அபரிஸ்ட்வித் ஆகிய இரு கோட்டைகளையும் நீண்ட முற்றுகைக்குப் பின் கைப்பற்றினார். கேர்னார்வன் மட்டும் பிரெஞ்சுக்காரர் உதவியுடன் தாக்கப்பட்ட போதிலும், சுமார் முப்பது பேர் கொண்ட காவற்படையால் காக்கப்பட்டது.

ஹார்லெக் ஓவைனின் தலைநகர் போல ஆனது. அவருடைய குடும்பமும் அங்கேயே தங்கியது. 1404 இல் மகன்லெத் நகரிலும், 1405 இல் ஹார்லெக்கிலும் அவர் நாடாளுமன்றத்தைக் கூட்டினார். 1404 ஜூலையில் பிரான்சுடன் உடன்படிக்கை செய்தார். 1405 இல் பிரெஞ்சுப் படை மில்ஃபோர்ட் துறையில் இறங்கி, அவருடைய படையுடன் வூஸ்டர் அருகு வரை சென்று, பெரும் போர் நிகழாமலே திரும்பியது.

1406 மார்ச் 31 நாளிட்ட பெனல் மடலில், பிரான்சு மன்னர் ஆறாம் சார்லஸுக்குத் தம் திட்டங்களை விளக்கினார். வேல்ஸுக்குத் தனித் திருச்சபைத் தலைமை, வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு பல்கலைக்கழகம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இம்மடல் பாரிசில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

வீழ்ச்சி

1405 ஆம் ஆண்டு மே மாதத்தில் அஸ்க் நகரருகே நடந்த போரில் ஓவைனின் மகன் கிரிஃபித் சிறைப்பட்டார். தம்பி டூடர் கொல்லப்பட்டார். பிரெஞ்சு உதவியும் நின்றது. இளவரசர் ஹென்றி திறந்த வெளிப் போர்களைத் தவிர்த்து, கோட்டைகளை ஒவ்வொன்றாக முற்றுகையிடும் வழியை மேற்கொண்டார்.

1407 இல் அபரிஸ்ட்வித் கோட்டை பீரங்கிகளால் தாக்கப்பட்டது. அதன் காவற்தலைவர் ரீஸ் டூ குறித்த நாளில் சரணடைய உடன்பட்டார். ஓவைன் நேரில் வந்து அதனைத் தடுத்தார். எனினும் 1408 இல் கோட்டை வீழ்ந்தது. அடுத்து ஹார்லெக் முற்றுகையிடப்பட்டது. கடல் ஆங்கிலேயர் வசம் இருந்ததால், கோட்டையைக் காக்க அமைக்கப்பட்ட கடல்வழி இப்போது உள்ளிருந்தோருக்குப் பயன்படவில்லை. முற்றுகையின்போது மார்ட்டிமர் இறந்தார். 1409 இல் கோட்டை வீழ்ந்தது. ஓவைனின் மனைவி மார்கரெட், மகள் காட்ரின், அவருடைய குழந்தைகள் ஆகியோர் இலண்டன் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்டனர். காட்ரின் 1413 இல் இலண்டனில் இறந்தார்.

இறுதிக் காலம்

ஹார்லெக்கின் வீழ்ச்சிக்குப் பின் ஓவைன் மலைகளில் தலைமறைவாக வாழ்ந்தார். 1412 க்குப் பின் அவரைப் பற்றிய உறுதியான செய்தி இல்லை. 1415 இல் புதிய மன்னர் ஐந்தாம் ஹென்றி மன்னிப்பு வழங்க முன்வந்தும் ஓவைன் ஏற்கவில்லை. அவர் பிடிபடவுமில்லை, எவரும் காட்டிக்கொடுக்கவுமில்லை. ஹெரிபோர்ட்ஷயரில், மகள் ஆலிஸின் குடும்பத்தார் பாதுகாப்பில் 1415 அளவில் இறந்தார் என்பது பரவலான கருத்தாகும். அவருடைய கல்லறை எங்குள்ளது எனத் தெரியவில்லை. மகன் மரடித் 1421 இல் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார்.

நீண்ட போரில் இரு தரப்பாராலும் ஊர்களும் மடங்களும் அழிக்கப்பட்டு, வேல்ஸ் பல ஆண்டுகள் வறுமையுற்றது. 1402 ஆம் ஆண்டுச் சட்டங்கள் 1624 இல்தான் முறையாக நீக்கப்பட்டன. கான்வியைக் கைப்பற்றிய சகோதரர்களின் குடும்பம் வேறு வகையில் உயர்ந்தது. அவர்களுடைய இன்னொரு சகோதரரான மரடித்தின் கொள்ளுப்பேரன் 1485 இல் ஏழாம் ஹென்றி என்ற பெயரில் இங்கிலாந்து மன்னரானார்.

நினைவிடங்கள்

ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தின் முதற்பகுதியில் ஓவைன் ஒரு பாத்திரமாக இடம்பெறுகிறார். கார்டிஃப் நகர மண்டபத்தில் 1916 இல் திறக்கப்பட்ட வேல்ஸ் வீரர்களின் சிலைகளுள் அவருடையதும் ஒன்றாகும். கார்வென் நகரில் 2007 இல் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. செப்டம்பர் 16 ஆம் நாள் வேல்ஸில் அவர் நினைவாகக் கொண்டாடப்படுகிறது.

அபரிஸ்ட்வித் கோட்டை ஆங்கில உள்நாட்டுப் போரின் முடிவில், 1649 இல் தகர்க்கப்பட்டு இடிபாடாக உள்ளது. ஹார்லெக், கான்வி, கேர்னார்வன், பியூமாரிஸ் ஆகிய நான்கும் 1986 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. ஓவைனின் சொந்த இருப்பிடமான சிகார்த்தில் கற்சுவர் எதுவும் நிற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் எரிந்த மரக் கட்டடத்தின் தடயங்கள் கிடைத்தன. புல் மூடிய மேடும் அதனைச் சூழ்ந்த அகழியுமே அங்கு எஞ்சியுள்ளன.