நௌஷேராவின் சிங்கம்

தில்லிக்குப் படிக்க வந்த நாள் முதலாக, ஜாமியா மில்லியா பல்கலைக் கழகத்தை அடுத்துள்ள அடக்கத்தலத்தின் வழியே பல முறை நடந்திருக்கிறேன். உள்ளே உறங்குபவர் யார் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. அங்கே பயிலும் நண்பர் ஒருவர் ஒரு மாலை என்னை உள்ளே அழைத்துச் சென்று ஒரு கல்லறையின் முன் நிறுத்தினார். பிரிகேடியர் முகமது உஸ்மான் என்னும் மாவீரரின் கல்லறை அது. அவர் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, இத்தனை நாள் அறியாதிருந்தோமே என்று வெட்கமுற்றேன்.

அன்றைய ஆஜம்கட் மாவட்டத்துப் பீபீபூரில் 1912 ஜூலை 15 அன்று உஸ்மான் பிறந்தார். தந்தையார் காசியில் போலீஸ் அதிகாரி. மகனுக்கோ பேச்சில் திக்கல் உண்டு. ஆனால் நெஞ்சில் திக்கல் இல்லை. ஒரு குழந்தை கிணற்றில் விழுந்துவிட்டது என்று கேட்டதும், பன்னிரண்டே வயதான அந்தச் சிறுவர் தாமே குதித்துக் காப்பாற்றினார். 1932இல் இங்கிலாந்தின் ஸாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இடம் பெற்றார். பின்னர் பலூச் ரெஜிமெண்டில் அதிகாரியானார்.

1947இல் நாடு பிரிந்தது, பட்டாளமும் பிரிந்தது. பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. முஸ்லிம் அதிகாரியாகிய உஸ்மானும் அங்கே வருவார் என்று எதிர்பார்த்தனர். உயர் பதவிகளைக் காட்டியும் அழைத்தனர். அவர் அசையவில்லை, இந்தியப் படையிலேயே நின்றார். நமக்கு இந்த நாடு பிறப்பால் வந்தது. அவரோ பிறந்த நாட்டை மீண்டும் ஒரு முறை தாமே தேர்ந்து கொண்டார்!

அந்த ஆண்டே காஷ்மீரில் போர் மூண்டது. சாலைகள் கூடும் இடமாகிய ஜாங்கர் டிசம்பர் இறுதியில் பகைவர் வசமாயிற்று. அதை மீட்கும் வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உஸ்மான் உறுதி பூண்டார். பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறியதைப் புறநானூற்றில் படித்திருக்கிறோம். இந்த வீரர் கடுங்குளிரில் வெறுந்தரையில் பாய் விரித்துப் படுத்தே தம் வஞ்சினத்தைக் காத்தார்.

1948 பிப்ரவரி 6 அன்று நௌஷேராவைப் பல்லாயிரம் பேர் தாக்கினர். அவருடைய ஐம்பதாம் பாராசூட் பிரிகேடு அதை முறியடித்தது. தைந்தார் மேட்டில் நாயக் ஜதுநாத் சிங் உயிர் கொடுத்துக் காவல் நின்றதும் அன்றுதான். அன்று முதல் உஸ்மான் நௌஷேராவின் சிங்கம் ஆனார். அவர் தலைக்குப் பாகிஸ்தான் ஐம்பதாயிரம் ரூபாய் விலை வைத்தது என்பர்.

சிங்கம் என்று பெயர் பெற்றவரின் உள்ளமோ மிக மென்மையானது. போரில் ஆதரவிழந்த சிறுவர்களைச் சேர்த்துப் பாலர் சேனை அமைத்து, உணவும் கல்வியும் கிடைக்கச் செய்தார். அவர் மணம் செய்து கொள்ளவில்லை, மது அருந்தியதில்லை, சம்பளத்தில் ஒரு பகுதியை ஏழை மாணவர்க்கு ஈந்து வந்தார்.

மார்ச் 18 அன்று ஜாங்கர் மீண்டது. உறுதி நிறைவேறியதால் இனிக் கட்டிலில் படுக்கலாம். ஆனால் அவருடைய முகாமில் கட்டிலே இல்லை! பக்கத்துக் கிராமத்தில் ஒரு கட்டிலை இரவல் வாங்கி வந்து போட்டார்கள்.

அந்த உறக்கமும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஜூலை 3 மாலை, அதே ஜாங்கரில் பீரங்கிக் குண்டு வெடித்து அவர் வீழ்ந்தார். முப்பத்தாறு வயது நிறையப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. நம் ராஜாஜி கவர்னர் ஜெனரலாகி இரண்டு வாரமே ஆகியிருந்த நேரம் அது. தில்லியில் அரசு மரியாதையுடன் நடந்த இறுதிச் சடங்கில் பிரதமர் நேரு கலந்து கொண்டார். மகாவீர் சக்கர விருதை நாடு அவருக்கு அளித்தது.

அத்தகையவரின் கல்லறை 2020 டிசம்பரில் சிதைந்து கிடந்ததாகச் செய்தி வந்தது. ராணுவம் அதனைச் செப்பனிட்டது. உடைந்த கல்லை ராணுவம் சீர்செய்துவிடும். மறந்த மனத்தை யார் சீர்செய்வது? அது நம் போன்ற மாணவர் கடமை அல்லவா? அன்பர்களே, வரும் ஜூலை 3 அன்று விடுதியிலிருந்து நாம் சிலராவது அங்கே செல்வோம். ஆளுக்கொரு மலர் போதும்.